முதலில் எந்தக் குழந்தை என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி: பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வீட்டில் ட்யூஷன் எடுக்கிறேன். குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை. எம்.ஏ. உளவியலை அஞ்சல்வழியில் படித்து கவுன்சிலர் ஆகலாமா, இல்லை எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) சேரலாமா? என்னிடம் வரும் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டதற்கெல்லாம் வாயால் பதில் சொல்கிறான், நாலு வரி வாசிக்கச் சொன்னால் திணறுகிறான். அவனைப் பார்த்துத்தான் இந்த ஆசையே வந்தது. வீட்டில் பி.ஜி. முடி என்கிறார்கள். (வாசகி, ஓமலூர்)

பதில்: நீங்கள் கேட்ட இரண்டு படிப்புமே அந்தப் பையனுக்கு வாசிக்கச் சொல்லித்தர உங்களைத் தயார்செய்யாது. அவன்தான் உங்களை இழுக்கிறான் என்றால் உங்களுக்கு வேண்டியது சிறப்புக் கல்வியில் பி.எட். ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் சேரலாம், இரண்டு வருடம், செவித்திறன் குறைபாடு, அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு என்று ஏதாவது ஒரு பிரிவை எடுத்துப் படிக்க வேண்டும். பெயரில் 'எம்' இல்லையே என்று வீட்டில் யோசிப்பார்கள். எம்.எட். பிறகு படிக்கலாம், அவசரமில்லை.

எம்.எஸ்.டபிள்யூ.வைக் குறைத்துச் சொல்லவில்லை, அது வேறு வேலை, அவ்வளவுதான். பள்ளியை விட்டுவிட்டு வெள்ளிப் பட்டறைக்குப் போகும் பையன், பதினாறு வயதில் கல்யாணம் பேசப்பட்ட பெண், பெற்றோரால் கைவிடப்பட்ட பச்சைக் குழந்தை, இவர்களுக்காக ஓடுகிற வேலை அது. வளர்க்க முடியாத குழந்தையைப் பெற்றோர் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் நம் சேலத்தில்தான் தொடங்கியது. அப்படி வரும் குழந்தையைக் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோய், சட்டப்படி தத்துக் கொடுக்கும்வரை கூடவே நிற்க ஆள் வேண்டுமே. மனசு அங்கே போகிறது என்றால் தாராளமாகச் சேருங்கள், ஆனால் அதில் எச்.ஆர். (மனிதவளம்) பிரிவை எடுத்துவிடாதீர்கள், அது கம்பெனிக்குத்தான் கூட்டிப்போகும். இந்த வேலை இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெரும்பாலும் தொகுப்பூதியம்தான் என்பதையும் வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அஞ்சல்வழி எம்.ஏ. உளவியல்தான் எனக்குக் கவலை. அதை மட்டும் முடித்துவிட்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த படிப்பை முடித்து அதன் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் இதே விதிதான். 1992-ஆம் வருட இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் இது, பதிவில்லாமல் மாற்றுத்திறனாளிகளுக்கு இந்தச் சேவைகளைச் செய்தால் ஒரு வருடம் வரை சிறை என்று அதில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று பதறிப்போய் வரும் ஒரு தாய்க்கு அரைகுறையாகத் தெரிந்தவர் சொல்லும் ஒரு வார்த்தை எவ்வளவு கெடுதல் செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தப் படிப்புக்கு, நீங்கள் சேரும் அந்த வருடத்துக்கு, ஆர்.சி.ஐ. அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரி நோட்டீஸை நம்ப வேண்டாம்.

கோவையில் அவினாசிலிங்கம் பல்கலைக்கழகத்திலும், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகத்திலும், சென்னை முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசு நிறுவனத்திலும் சிறப்புக் கல்வித் துறை இருக்கிறது. வெளியூரா என்று வீட்டில் தயங்கினால் கோவையிலிருந்து ஆரம்பியுங்கள், ரயிலில் மூன்று மணி நேரம்தான்.

சேருவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் ஓமலூர் வட்டார வள மையத்தில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருப்பார்கள். அனுமதி கேட்டு ஒரு வாரம் அவர்களோடு இருங்கள், வீட்டிலேயே இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போதும் கூடப் போங்கள். ஏற்காட்டு மலைக் கிராமம் மாதிரி இடங்களில் ஒரு பிள்ளையைப் பார்க்கவே அரை நாள் போய்விடும், அதுவும் இந்த வேலைதான். ஒரே எழுத்தை நாற்பதாவது தடவை சொல்லித்தரும்போதும் உங்களுக்கு முகம் மாறவில்லை என்றால் விண்ணப்பம் போடுங்கள்.

அப்புறம் அந்தப் பையன். அவனுக்குக் கற்றல் குறைபாடு என்று நீங்களோ நானோ சொல்லக் கூடாது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைக் குறைபாடுகளில் அதுவும் ஒன்று, முறையாகப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். முதலில் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லி அவன் அம்மாவிடம் பேசுங்கள், இந்த வாரமே.