முதல் வேலையில் சேர்ந்திருக்கிறேன். நல்ல சிபில் ஸ்கோர் வர என்ன இலக்கு வைத்துக்கொள்ள வேண்டும்?

750 என்று ஓர் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு அதைத் துரத்தாதீர்கள். எனக்கு முன் பதில் எழுதியவர்கள் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், அதில் தப்பில்லை. 300-லிருந்து 900 வரை போகும் அளவில் 750-ஐத் தாண்டினால் வங்கியில் முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணைப் போடுகிறவர் நீங்கள் இல்லை, எல்லாருடைய கடன் பதிவுகளையும் திரட்டி வைக்கும் சிபில் நிறுவனம். எந்தத் தேதியில் கட்டுகிறீர்கள், கார்டில் எவ்வளவு இழுக்கிறீர்கள், யாருக்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள், உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று எப்போது எடுத்துப் பார்க்கிறீர்கள், இவைதான் உங்கள் கையில் இருக்கின்றன. இலக்கை இவற்றில் வையுங்கள்.

முதல் வேலை என்கிறீர்கள். சம்பளக் கணக்கு தொடங்கிய கையோடு கிரெடிட் கார்டு தருகிறோம் என்று போன் வந்துகொண்டிருக்கும். படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கியிருக்கவும் கூடும். அப்படியென்றால் உங்கள் கடன் வரலாறு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. படிப்பு முடிந்து பொதுவாக ஒரு வருடம் வரை தவணை கேட்க மாட்டார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கடனில் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். நீங்கள் தவணை தவறினால் அவர் கடன் அறிக்கையிலும் அது விழும். முதல் இலக்கு அந்தத் தவணை தொடங்கும் தேதியைத் தெரிந்துகொள்வது. வங்கியிலிருந்து கடிதம் வரட்டும் என்று இருக்காதீர்கள், கிளைக்கே போய்க் கேளுங்கள்.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாக எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லராக இருந்தவள். சனிக்கிழமை சம்பளம், கையில் ரொக்கம். கூட வேலை பார்த்த அக்கா ஒருவரும் நானும் சேர்ந்து சொந்தமாகப் பவர் டேபிள், அதாவது பனியன் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை, போடலாம் என்று முடிவு செய்தோம். ஓவர்லாக், பிளாட்லாக் தையல் மெஷின்கள் வாங்க வேண்டும். சிறுதொழிலுக்குக் கடன் தரும் முத்ரா திட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் ஐந்து லட்சம் வரை 'கிஷோர்' என்ற பிரிவில் பிணை இல்லாமல் தருவார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா. வீட்டுக்காரர் பேர்ல அப்ளை பண்ணுங்க, அவருக்கு வண்டிக் கடன் கட்டின ரெக்கார்டு இருக்கு."

அந்த வண்டிக் கடனின் தவணையில் பெரும்பங்கு என் சனிக்கிழமைச் சம்பளம். கட்டியது நான், பேர் வந்தது அவருக்கு. என் கணவர் நல்லவர், அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எத்தனையோ வீடுகளில் பெண்கள் சம்பாதித்துக் கட்டிய கடனெல்லாம் வேறொருவர் பெயரில் நல்ல பெயராகப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அதைத்தான் சொல்கிறேன். கடன் வரலாறே இல்லாதவருக்கு அறிக்கையில் -1 என்று வரும். பத்து வயதிலிருந்து உழைத்தவளுக்கு -1. அன்றைக்கு எனக்கு ஒரே இலக்குதான்: என் பெயரில் ஒரு பதிவு வர வேண்டும்.

(இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. முதன்முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் இருப்பதாக 2025-ல் நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. கவுன்டரில் யாராவது '-1' என்று கைவிரித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.)

வரலாறு இல்லாதவருக்கு நேரான வழி ஒன்று இருக்கிறது. 25,000 ரூபாயை வைப்புநிதியாகப் போட்டு, அதன் பேரில் ஒரு கார்டு வாங்கினேன். 20,000 வரம்பு கொடுத்தார்கள். இதற்குச் சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள், நம் பணமே பிணையாக இருக்கிறது, வைப்புநிதிக்கு வட்டியும் வரும். நூல் கோன், ஊசி, கேஸ் சிலிண்டர், ரீசார்ஜ் இவ்வளவுக்குத்தான் அந்தக் கார்டு. எந்த மாதமும் ஆறாயிரத்தைத் தாண்ட விடவில்லை. வரம்பில் 30 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கு. எவ்வளவு பாக்கி நிற்கிறது என்பதை வங்கிகள் 2025 ஜனவரியிலிருந்து மாதம் இரண்டு முறையாவது சிபில் போன்ற நிறுவனங்களுக்கு அனுப்புகின்றன. அதனால் பெரிய செலவு ஏதாவது செய்துவிட்டால் பில் வரட்டும் என்று காத்திராமல் உடனே கொஞ்சம் கட்டிவிடுங்கள்.

பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். 20,000 ரூபாய் பில்லுக்கு 5 சதவீதம், ஆயிரம் ரூபாய் கட்டினால் போதும் என்று இருக்கும். மீதி 19,000-க்கு மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 665 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக ஏறக்குறைய 785. நீங்கள் கட்டிய ஆயிரத்தில் கடன் குறைந்தது இருநூற்றுச் சொச்சம்தான். அதற்குப் பிறகு வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். குறைந்தபட்சம் கட்டினால் 'தாமதம்' என்று பதிவாகாது, ஸ்கோர் உடனே இடியாது. அதனால்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முழுத் தொகைக்கு ஆட்டோ டெபிட் போட்டுவிட்டு, அந்தத் தேதிக்கு முன்பே கணக்கில் பணம் வைத்துவிடுங்கள்.

கார்டே வேண்டாம், கடனே வாங்காமல் வாழ்வதுதான் கௌரவம் என்று கீழே கருத்து எழுத வருவீர்கள், தெரியும். என் அப்பாவும் அப்படித்தான் வாழ்ந்தார், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அவர் காலத்தில் நகையைக் கொண்டுபோய் அடகுக்கடையில் வைத்துத் தொழில் தொடங்கினார்கள், நூற்றுக்கு மூன்று வட்டி கொடுத்தார்கள். அந்த வட்டியைக் கொடுக்காமல் வங்கி வட்டியில் மெஷின் வாங்க வேண்டும் என்றால் வங்கி கேட்கும் கணக்கு நம் பெயரில் இருக்கத்தான் வேண்டும். கார்டு கம்பெனிக்கு விளம்பரம் செய்கிறேன் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். நான் எந்த வங்கியின் பெயரையும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். கடன் வாங்கப் போவதில்லை, எனக்கெதற்கு ஸ்கோர் என்பவர்களுக்கு ஒன்று: வங்கி வேலைக்குத் தேர்வான ஒருவருடைய நியமனத்தைப் பழைய கடன் பாக்கிகளைக் காட்டிப் பொதுத்துறை வங்கி ரத்து செய்தது. அது செல்லும் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கார்டு ஓடிக்கொண்டிருந்தபோது, மறுபடி விண்ணப்பிக்கும் முன் என் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு டூவீலர் கடன் இருந்தது. நான் வாங்கவே வாங்காத கடன், நான் போயே பார்க்காத ஊர் முகவரி, 'ரிட்டன் ஆஃப்' என்று போட்டிருந்தது. கடன்காரர் கட்டவில்லை, நிறுவனம் கைகழுவிவிட்டது என்று அர்த்தம். அதே பெயர், அதே இனிஷியல், வேறு யாரோ ஒரு பெண்.

நம் ஊரில் இது நடக்கக்கூடியதுதான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஓர் எழுத்தும் பெயரும்தான். ஒரே தெருவில் அதே இனிஷியலோடு அதே பெயர் இரண்டு பேருக்கு இருக்கும். பான் கார்டில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், ஆதாரில் எழுத்து மட்டும் இருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஆவணத்தில் கணவர் பெயரின் எழுத்து வந்திருக்கும். இதில் பெண்கள் பாடு இன்னும் சிரமம். அதனால் உங்கள் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பதையும் ஓர் இலக்காக எழுதிக்கொள்ளுங்கள்.

புகார் கொடுத்தேன். அறிக்கை தரும் நிறுவனம், கடன் கொடுத்த நிதி நிறுவனத்தைக் கேட்டுத்தான் திருத்த முடியும் என்றது. நிதி நிறுவனத்தின் கிளையில் இருந்தவர், "நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க" என்றார். பாக்கி இல்லை என்ற சான்றுதான் அது. வாங்காத கடனுக்கு எங்கே போய் நோ டியூஸ் வாங்குவது? அப்புறம் குரலைத் தணித்து, "ஒரு சின்னத் தொகை கட்டி செட்டில் பண்ணிக்கோங்கம்மா, உடனே முடிச்சிரலாம்" என்றார். அவர் சொன்ன தொகை எனக்குப் பெரிதில்லை, அலைச்சலுக்குக் கட்டிவிடலாம் என்றுதான் வீட்டிலும் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். கட்டினால் அந்தக் கடன் என்னுடையது என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மேலும் 'செட்டில்டு' என்பது 'முழுதும் கட்டி முடித்தது' என்பதற்குச் சமமே இல்லை. பாதியைக் கொடுத்துத் தப்பித்தவர் என்றுதான் அடுத்த வங்கி அதை வாசிக்கும்.

எழுத்தில் கேட்டேன். அந்தக் கடனின் விண்ணப்பப் படிவம், அதில் ஒட்டிய புகைப்படம், கையெழுத்து, கொடுத்த பான் எண், நான்கையும் காட்டுங்கள், என்னுடையதோடு ஒத்துப்போகிறதா பார்ப்போம் என்று பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். மாதங்கள் ஓடின. கடைசியில் புகைப்படமும் வேறு, பான் எண்ணும் வேறு என்று ஒப்புக்கொண்டு பதிவை நீக்கினார்கள். மன்னிப்பு என்று ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் அதன் பிறகு முத்ரா கடன் என் பெயரிலேயே, என் கையெழுத்திலேயே வந்தது. மெஷின்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

உங்களுக்கு அவ்வளவு அலைச்சல் இருக்காது. 2024 ஏப்ரலிலிருந்து, புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மன் என்ற குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அறிக்கை தரும் நிறுவனங்களும் 2022 செப்டம்பரிலிருந்து அந்த வரம்புக்குள் வந்துவிட்டன.

சிபில் என்பது அவற்றில் ஒன்றுதான். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. நான்குமே வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எடுத்தால் காசில்லாமல் வருடம் முழுக்கக் கண்காணிக்கலாம். நீங்களே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரே வாரத்தில் நாலு இடத்தில் கடன் கேட்டு விண்ணப்பித்தால்தான் குறையும். அறிக்கையில் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே மாதத்துக்கு ஒரு கட்டமாக மூன்று வருடம் வரை இருக்கும். 000 என்றோ எஸ்டிடி (ஸ்டாண்டர்டு, ஒழுங்கான கணக்கு) என்றோ இருந்தால் நல்லது. 030 என்று இருந்தால் 30 நாள் தாமதம். ஸ்கோரைவிட இந்தக் கட்டங்களைப் படியுங்கள். போனில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று ஐநூறு ஆயிரத்துக்கு ஒரு பட்டனை அழுத்துகிறோமே, அதுவும் இங்கே ஒரு கடனாக வந்து நிற்கும். வாரக் குழுக் கடனும் அப்படித்தான்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என் கொழுந்தனார் வண்டி எடுக்க, "அண்ணி, சும்மா ஒரு கையெழுத்துத்தானுங்க" என்று வந்தார். முன்பணத்துக்கு என்னால் முடிந்ததைத் தருகிறேன், கையெழுத்து மட்டும் கேட்காதீர்கள் என்றேன். கொஞ்ச காலம் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஜாமீன் போட்ட கடன் என் அறிக்கையிலும் வரும், அவர் தவறினால் என்னிடம் வசூலிக்கச் சட்டப்படி உரிமை உண்டு, நாளைக்கு நான் கடன் கேட்டால் அதையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். சொந்தபந்தம் என்னைத் திட்டுவதைவிட இது பெரிது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் உங்களிடமும் யாராவது கேட்பார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மாதம்கூடத் தவறாமல் வீட்டு வாடகை கொடுத்து வருகிறேன். அதற்கு ஒரு புள்ளியும் எந்த அறிக்கையிலும் ஏறியதில்லை. ரசீது கேட்டால், "நம்பிக்கை இல்லீங்களா?" என்கிறார் வீட்டின் சொந்தக்காரர். அவருக்கு மட்டும் என் மேல் நம்பிக்கை போதாது, பத்து மாத அட்வான்ஸ் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 2017-ல் வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. அந்த 'ஒழிய' என்ற ஓட்டை வழியாகத்தான் எல்லா வீடும் நுழைகிறது. மெஷினுக்கு முதலாகியிருக்க வேண்டிய பணம் அடுத்தவர் கையில் வட்டியில்லாமல் முடங்கிக் கிடக்கிறது. வாடகையை வங்கி வழியாகவே அனுப்பப் பழகுங்கள். ஸ்கோருக்கு உதவாவிட்டாலும் தகராறு வந்தால் கணக்குக் காட்ட உதவும்.

இந்த வாரமே முதல் இலவச அறிக்கையை எடுத்துவிடுங்கள். உங்களுடையது அல்லாத கணக்கு ஏதாவது இருந்தால் இங்கேயே கருத்தில் எழுதுங்கள். நான் அன்றைக்கு அனுப்பிய கடிதத்தின் வாசகம் என்னிடம் இருக்கிறது, பெயரை எடுத்துவிட்டுப் போடுகிறேன்.