தீபாவளிக்குக் கடையில் குலுக்கல் பரிசு வைத்தால் வியாபாரம் கூடுமா? எப்படித் திட்டமிடுவது?

வியாபாரம் கூடும். லாபம் கூடுமா என்பதுதான் கேள்வி. நீங்களும் என்னைப் போல ஒற்றைக் கடை வைத்திருப்பவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நாலு மாடிக் கடைக்காரர் என்றால் என் கணக்கு உங்களுக்கு ஒத்துவராது.

எங்களுடையது பாத்திரக்கடை, மிக்ஸி, கிரைண்டரும் உண்டு. 2022 தீபாவளிக்கு ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கூப்பன், முதல் பரிசு ஸ்கூட்டர் என்று சொல்லி, வண்டிக்கு மாலை போட்டு வாசலில் நிறுத்தினேன். 870 ரூபாய்க்கு வாங்கினவர்கள் கூப்பனுக்காகவே ஒரு ஜல்லிக்கரண்டியைச் சேர்த்து ஆயிரமாக்கினார்கள். இத்தனைக்கும் பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது சாக்கடைக்கென்று கடைத்தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பொங்கல் வரைக்கும் மூடவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? வரியை மட்டும் ஒரு நாள் தாமதித்தால் ஆள் வந்து நிற்கிறது.

வழக்கமாக 20 லட்சம் ஓடும் மாதம் 26 லட்சம் ஓடியது. கூடின ஆறு லட்சத்தில் கையில் நின்றது 12 சதவீதம், 72,000 ரூபாய். வண்டி மட்டும் 80,000. ஆறுதல் பரிசு, கூப்பன் அச்சு, மைக் செட்டெல்லாம் தனி. பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வருமான வரி, அதுவும் பொருளாகக் கொடுத்தால் வரி கட்டின பிறகுதான் கொடுக்கலாம் என்று ஆடிட்டர் சொன்னது குலுக்கலுக்கு முதல் நாள். ஜெயித்தவரிடம் 24,000 கேட்டால் ஊர் சிரிக்கும் என்று நானே கட்டினேன்.

சட்டம் தெரிந்தவர்கள் அடிக்க வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 2003லேயே லாட்டரியைத் தடை செய்த மாநிலம் நம் தமிழ்நாடு. விற்பனையைக் கூட்டுவதற்காக நடத்தும் குலுக்கலை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஊரெல்லாம் நடத்துகிறார்களே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். வக்கீலைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

உண்மையில் என்னை உறுத்துவது பணம் இல்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்த முதல் சீட்டில் 'செல்வி' என்று மட்டும் இருந்தது. போன் நம்பரில் ஒன்பது எண்கள்தான். கூட்டம் "வேற எடுங்க, வேற எடுங்க" என்று கத்தியது. சீட்டு தெளிவில்லாமல் இருந்தால் என்ன செய்வது என்று நான் யோசித்தே வைக்கவில்லை. வேறு சீட்டு எடுத்தோம். அதில் விழுந்தவருக்கு வண்டி போனது. "கடைக்காரர் சொந்தக்காரனுக்கே விழுந்துச்சு" என்று பேசினார்கள். எனக்கு அவர் யாரென்றே தெரியாது.

மூன்றாம் நாள் ஒரு அம்மா பாதிக் கூப்பனை நீட்டி, "சார், நம்பர் பார்க்கணும்" என்றார். செல்விதான். பெட்டியிலிருந்து அந்த முதல் சீட்டைத் தேடி எடுத்தேன். நம்பர் ஒத்துப்போனது. நடந்ததைச் சொன்னேன். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம். "பரவால்ல சார், எம் மேல தப்பு" என்று கிளம்பினார். கூப்பிட்டு 9,500 ரூபாய் கிரைண்டர் ஒன்றைக் கொடுத்தேன். 10,000 தாண்டாமல் பார்த்துத்தான் எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது பில்லுக்குப் பில் ஒரு டம்ளரோ கரண்டியோ கொடுக்கிறோம். குலுக்கல் கிடையாது.