பஞ்சு பேல் முதல் செல்போன் கோபுரம் வரை: வாசகர் கேள்விகள்

கேள்வி: சீனாவைக் கண்காணிக்க அமெரிக்க நாடாளுமன்றத்தில் மூன்று அமைப்புகள் இருக்கின்றனவாமே. எதற்கு என்ன அதிகாரம்?

பதில்: மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது. சீனாவோடு நிரந்தர வணிக உறவுக்கு 2000-இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், ஒப்புதல் தந்தது. கதவைத் திறந்துவிட்டால் மனித உரிமையை யார் கவனிப்பது என்ற கவலையும் அப்போதே எழுந்தது. அதில் பிறந்ததுதான் காங்கிரஸ் - நிர்வாகத்துறை கூட்டு ஆணையம்: செனட்டர்கள் 9 பேர், கீழவை உறுப்பினர்கள் 9 பேர், அதிபர் நியமிக்கும் அதிகாரிகள் 5 பேர். ஆண்டறிக்கையோடு, சீனாவில் சிறைப்பட்ட அரசியல் கைதிகளின் விவரத் தொகுப்பையும் இது பொதுவில் வைக்கிறது.

அதே ஆண்டில் வந்த பொருளாதார, பாதுகாப்பு மறுஆய்வு ஆணையம் வேறு. அதன் 12 பேரும் எம்.பி.க்கள் அல்லர், இரு அவைகளின் கட்சித் தலைவர்கள் நியமிப்பவர்கள்.

மூன்றாவது, 2023 ஜனவரியில் 365-65 என்ற வாக்கில் கீழவை அமைத்த தேர்வுக் குழு (செலக்ட் கமிட்டி). பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுவது இதுதான். விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம், ஆனால் ஒரு மசோதாவைப் பரிசீலித்து அவைக்கு அனுப்பும் உரிமை இதற்கு இல்லை. டிக்டாக் செயலியைச் சீனத் தாய் நிறுவனம் விற்க வேண்டும், இல்லையேல் தடை என்ற மசோதாவையே பாருங்கள். எழுதிக் கொண்டுவந்தவர்கள் இக்குழுவின் அப்போதைய தலைவர் மைக் கேலகரும் எதிர்த்தரப்பு மூத்த உறுப்பினர் ராஜா கிருஷ்ணமூர்த்தியும்தான். ஆனாலும் 2024 மார்ச்சில் எரிசக்தி, வணிகக் குழுவில் 50-0 என்று தேறிய பிறகே அது அவைக்குப் போக முடிந்தது.

கேள்வி: சட்டை தைப்பது வேறு நாட்டில். சீனாவிலிருந்து நேரடியாக எதுவும் போகவில்லை. அப்படியும் அமெரிக்கச் சுங்கத்துறை சரக்கை நிறுத்துமா?

பதில்: நிறுத்தும். 2021 டிசம்பரில் கையெழுத்தாகி 2022 ஜூன் 21 முதல் அமலில் உள்ள உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம், சரக்கு கடைசியாக எங்கிருந்து கப்பலேறியது என்று மட்டும் பார்ப்பதில்லை. உய்குர் மக்கள் வாழும் சீனாவின் சிஞ்சியாங் பகுதிப் பஞ்சு ஓரிழை கலந்திருந்தாலும் அது கட்டாய உழைப்பில் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இத்தனை சதவீதம் வரை பரவாயில்லை என்ற சலுகையே கிடையாது. இல்லையென்று காட்டும் பொறுப்பு இறக்குமதியாளருடையது.

சரக்கை நிறுத்தியதாக நோட்டீஸ் வந்தால் ஆவணங்களைக் கொடுக்க 30 நாள். வழி இரண்டு. சிஞ்சியாங்கோடும் தடைப்பட்டியல் நிறுவனங்களோடும் தொடர்பே இல்லை என்று காட்டுவது ஒன்று. தொடர்பு உண்டு, ஆனால் கட்டாய உழைப்பு இல்லை என்று தெளிவான, நம்பவைக்கும் ஆதாரத்தோடு நிறுவி விலக்குக் கேட்பது மற்றொன்று. இரண்டாவது மிகக் கடினம். அப்படி விலக்குக் கொடுத்தால் 30 நாளுக்குள் காங்கிரசுக்கு அறிக்கை தந்து, அதைப் பகிரங்கப்படுத்தவும் வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். அதிகாரி ஓசையில்லாமல் கதவைத் திறந்துவிட முடியாது.

பெரும்பாலான கோப்புகள் சறுக்குவது நடுவில்தான். பஞ்சு வாங்கிய பில் இருக்கும், சட்டையின் இன்வாய்ஸ் இருக்கும். நூற்பாலையில் எந்த பேல் (பஞ்சுப் பொதி) எந்த நூல் லாட்டாக மாறியது என்ற பதிவு இருக்காது. பேல் எண், ஜின்னிங் (பஞ்சிலிருந்து விதை பிரிப்பது), நூல், துணி, தையல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் கொள்முதல் ஆர்டர், பணம் கொடுத்த சான்று, லாரி ரசீது, உற்பத்திப் பதிவேடு நான்கும் வேண்டும். எடையும் ஒத்துவர வேண்டும்: 10 டன் பஞ்சு வாங்கிவிட்டு 12 டன் நூல் விற்றதாகக் கணக்கு இருந்தால், அந்த 2 டன் எங்கிருந்து வந்தது? வெவ்வேறு இடத்துப் பஞ்சைக் கலந்து நூற்றால் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சான்று தேவை. ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். நோட்டீஸ் வந்த பிறகு இவற்றைத் தேட ஆரம்பித்தால் 30 நாள் போதாது. பஞ்சு வாங்கும் அன்றே கோப்பைத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: சீனத் தொலைத்தொடர்பு நிறுவனங்களான ஹுவாவே, இசட்டிஇ ஆகியவற்றின் கருவிகளை அகற்றச் சொல்லி 2020-லேயே சட்டம் வந்தது. பல ஆண்டு கழித்தும் அவை கோபுரங்களில் இருந்தது ஏன்?

பதில்: பணம். காங்கிரஸ் ஒதுக்கியது 190 கோடி டாலர். சிறு தொலைபேசி நிறுவனங்கள் கேட்டதில் தகுதியான செலவோ ஏறக்குறைய 498 கோடி. அதனால் டாலருக்கு 39.5 சென்ட்தான் கிடைத்தது. பாதிப் பணத்தில் பாதிக் கோபுரத்தை மாற்றிவிட்டு நிற்க முடியாது. ஆன்டெனா, ரேடியோ, கீழே உள்ள பெட்டி, மையத்தில் ஓடும் மென்பொருள் எல்லாம் ஒன்றோடொன்று பேச வேண்டியவை. பழையதை ஓடவிட்டுக்கொண்டே புதியதைப் பக்கத்தில் கட்டி, சோதித்து, பிறகுதான் பழையதைக் கழற்ற முடியும். இடையில் பிசகினால் அந்தக் கிராமப்புறத்தில் அவசர அழைப்பு 911-கூடப் போகாது.

பற்றாக்குறையான 308 கோடி டாலருக்கு 2024 டிசம்பரில், பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் ஊடாகத்தான் வழி பிறந்தது. தடை போட்ட நாளுக்கும் முழுப் பணம் ஒதுக்கிய நாளுக்கும் இடையே நான்கரை ஆண்டுக்கு மேல். அவ்வளவு காலமும், ஆபத்தானது என்று காங்கிரசே அறிவித்த கருவிகள் வழியாகத்தான் கிராமப்புற அமெரிக்கர்கள் பலரின் அழைப்புகள் போய்க்கொண்டிருந்தன.