ஒரே ஒரு கஸ்டமருக்காக வெப்சைட்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருக்கிறேன், வெப்சைட்டிலும் சேலை விற்கிறேன். பார்வையில்லாத ஒருவர், பணம் கட்டும் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை, சரிசெய்யாவிட்டால் புகார் கொடுப்பேன் என்று மெயில் போட்டிருக்கிறார். டெவலப்பர் 40,000 ரூபாய் கேட்கிறார். தனியார் கடைக்கும் மாற்றுத்திறனாளிகள் சட்டம் உண்டா?

பதில்: உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 46-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி சேவை தர வேண்டும் என்கிறது; தருபவர் அரசா தனியாரா என்று பார்ப்பதில்லை. இதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன, இரண்டு வருட அவகாசமும் எப்போதோ முடிந்துவிட்டது. மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை, அதற்கப்புறம் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். அந்த விதிகளில் 15-வது, அதாவது வசதித் தரங்களைச் சொல்லும் விதி, வெறும் பரிந்துரை போல இருக்கிறது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லி, கட்டாய விதி எழுதச் சொன்னது. அந்தச் சந்தில் நுழைந்து தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஏனென்றால் 2025 ஏப்ரலில் அதே நீதிமன்றம் டிஜிட்டல் வசதி வாழ்வுரிமையில் அடங்கும் என்றே சொல்லிவிட்டது.

சரி, அபராதம் கிடக்கட்டும், வியாபாரத்துக்கு வருவோம். உங்கள் சைட்டை என் போனில் டாக்பேக் (ஸ்கிரீனில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் வசதி) போட்டு, ஸ்கிரீனைப் பார்க்காமல் திறந்தேன். சேலைப் படத்தைத் தொட்டால் "ஐஎம்ஜி 4471" என்கிறது, காட்டனா பட்டா, சிவப்பா பச்சையா, ஒன்றும் தெரியவில்லை. பணம் கட்டும் இடத்தில் "பட்டன், பட்டன், பட்டன்". இதில் எது வாங்க, எது ரத்து? இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் மெனக்கெட்டு மெயில் போடுகிறார் என்றால் உங்கள் சேலை அவருக்கு நிஜமாகவே பிடித்திருக்கிறது. மற்றவர்கள் சத்தமில்லாமல் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள், அந்த நஷ்டம் உங்கள் கணக்கு நோட்டில் ஏறவே ஏறாது. 2011 கணக்கெடுப்பிலேயே நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்; கண்புரையோடு போனை மூக்குக்கிட்டே வைத்துப் பார்க்கும் அம்மாக்கள் அதில் சேர்த்தியில்லை. படத்துக்கு "மாம்பழ மஞ்சள் காட்டன் சேலை, அரக்கு பார்டர்" என்று எழுதி வைத்தால் கூகுளுக்கும் உங்கள் சரக்கு என்னவென்று புரியும்.

அந்த விவரங்களைக் கடைப் பையனே எழுதலாம், 40,000-இல் அதைக் கழிக்கச் சொல்லுங்கள். மூலையில் ஒரு விட்ஜெட்டை (எழுத்தைப் பெரிதாக்குவது போன்ற வசதிகள் உள்ள சின்னப் பட்டனை) ஒட்டித் தருகிறேன் என்று டெவலப்பர் சொன்னால் வேண்டாம், அடியில் பட்டனுக்குப் பெயரில்லாமல் மேலே எதை ஒட்டி என்ன? ஒப்பந்தத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான டிஜிட்டல் வசதி பற்றிய இந்தியத் தரமான ஐஎஸ் 17802-இன்படி என்று ஒரு வரி போடுங்கள்.

முதலில் இன்றைக்கே மெயில் போட்டவருக்குப் பதில் போடுங்கள், வக்கீல் நோட்டீஸ் பாஷையில் வேண்டாம். போனில் ஆர்டர் வாங்கி அனுப்பிவிட்டு, எந்தத் தேதிக்குள் சரியாகும் என்று எழுத்தில் கொடுங்கள். வேலை முடிந்ததும் அவரையே ஒரு சேலை ஆர்டர் போடச் சொல்லுங்கள், அவர் பணம் கட்டி முடித்த பிறகு டெவலப்பருக்குக் கடைசித் தவணை கொடுத்தால் போதும்.