விளம்பரத்துக்கு ஸ்டாக் போட்டோ போடலாமா? எப்படிப் பார்த்து எடுப்பது?

ஸ்டாக் போட்டோ என்றால் யாரோ முன்பே எடுத்து, மற்றவர்கள் பயன்படுத்திக்கொள்ள இணையதளங்களில் போட்டு வைத்திருக்கும் படம். தாராளமாகப் போடலாம், ஆனால் நீங்கள் விற்கும் பொருளுக்கு மட்டும் வேண்டாம். மரச்செக்கு எண்ணெய் விற்கிறீர்கள் என்றால் உங்கள் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் போனிலேயே எடுங்கள், கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை. கூடவே போட எள், நிலக்கடலைப் படங்களை வேண்டுமானால் ஸ்டாக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

தேடும்போது முதல் பக்கத்தில் வருவதை எடுக்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். 2004-இல் அமெரிக்காவில் டெல், கேட்வே என்ற இரண்டு போட்டி கம்ப்யூட்டர் கம்பெனிகளும் மாணவர்களுக்கான விளம்பரத்தில் ஒரே பெண்ணின் ஸ்டாக் படத்தைப் போட்டு மாட்டிக்கொண்டன. அவர்களுக்கே அந்தக் கதி! பிடித்த படத்தைக் கூகுள் லென்ஸில் (படத்தைக் கொடுத்தே தேடும் வசதி) போட்டுப் பாருங்கள், ஏற்கெனவே நாலு பல் ஆஸ்பத்திரி விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் முகம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, உரிமம். கூகுள் இமேஜில் கிடைப்பதெல்லாம் இலவசம் இல்லை. அன்ஸ்பிளாஷ், பெக்செல்ஸ் தளங்களின் இலவசப் படங்களை வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம், எடுத்தவர் பெயர் போடுவது கட்டாயமில்லை. ஆனால் படத்தில் இருப்பவர் உங்கள் பொருளைப் பரிந்துரைப்பது போல் காட்டக் கூடாது, அதாவது யாரோ ஒரு அம்மாவின் படத்தைப் போட்டு, கீழே 'எங்கள் வாடிக்கையாளர்' என்று எழுதிவிடாதீர்கள். ஷட்டர்ஸ்டாக் என்ற ஸ்டாக் படத் தளத்தில் 'எடிட்டோரியல்' என்று குறிப்பு இருந்தால் அது செய்தி, கட்டுரை போன்றவற்றுக்குத்தான், விளம்பரத்துக்குத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், விலையும் போன் நம்பரும் எழுத ஒரு பக்கம் காலியாக இருக்கும் படமாகப் பாருங்கள். தேடும் சொல்லோடு 'காப்பி ஸ்பேஸ்' (copy space, எழுத்துக்கான காலி இடம்) என்று சேர்த்தால் அந்த மாதிரிப் படங்களே வந்து நிற்கும்.