லைம் நோய்க்குப் பின் விடாத வலி: மூலிகை கைகொடுக்குமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன், வயது 46. உண்ணி கடித்து லைம் நோய் வந்தது. மூன்று வாரம் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். எட்டு மாதமாகியும் அசதியும் மூட்டுவலியும் விடவில்லை. ஜப்பானிய நாட்வீட், பூனைநகக் கொடி (cat's claw) ஆகிய மூலிகை மாத்திரைகளை ஒரு தோழி சிபாரிசு செய்கிறார். நிலவேம்புக் கஷாயமும் குடிக்கலாமா? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: உங்கள் அசதி மனப்பிரமை அல்ல, யார் அப்படிச் சொன்னாலும் நம்பாதீர்கள். முறையாகச் சிகிச்சை பெற்றவர்களிலும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு இப்படி ஆறு மாதத்துக்கு மேலும் தொல்லை நீடிக்கிறது. பெரும்பாலோர் மெல்ல மெல்லத் தேறிவிடுகிறார்கள்.

தோழி சொல்வதற்கும் ஓர் ஆதாரம் உண்டு. 2020இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல மூலிகைச் சாறுகளை லைம் கிருமியின் மீது சோதித்தார்கள். நாட்வீட், பூனைநகக் கொடி, கருப்பு வால்நட் முதலியவை கிருமியை நன்றாகவே ஒடுக்கின. ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த கிருமி. விழுங்கிய மாத்திரை குடலையும் கல்லீரலையும் தாண்டி, அதே வீரியத்தோடு உங்கள் மூட்டுக்குப் போய்ச் சேருமா என்பதை அந்த ஆய்வு பார்க்கவே இல்லை. நிலவேம்போ அந்த ஆய்வகச் சோதனையிலேயே ஏறத்தாழ பலனளிக்கவில்லை. காய்ச்சலுக்குக் குடித்துப் பழகிய கஷாயம் என்பதால் இதற்கும் கேட்கும் என்று எண்ண வேண்டாம்.

அதோடு, பூனைநகக் கொடியும் நிலவேம்பும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியவை. உங்கள் மாத்திரையோடு சேர்ந்தால், காலையில் படுக்கையிலிருந்து எழும்போதே தலை சுற்றி விழ நேரலாம். ஆகவே இவை வேண்டாம் என்பதே என் கருத்து. ஏற்கெனவே தொடங்கியிருந்தால், புட்டியை அப்படியே எடுத்துப்போய் உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் நீட்டுவதும் வழியல்ல. 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூன்று மாதம் மருந்து எடுத்தவர்களுக்கும் மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அசதிக்கு வேறு காரணம் ஒளிந்திருக்கலாம். உங்கள் பகுதி உண்ணிகள் பரப்பும் பபேசியா தொற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி, மறுநாள் களைப்பு கூடாவிட்டால் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள்.

முழங்கால் வீங்கினாலோ, முகம் ஒருபக்கம் கோணினாலோ, படபடப்போடு மயக்கம் வந்தாலோ அது வேறு விஷயம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.