அமெரிக்க டீ பார்ட்டி போல வேலூரில் வரி எதிர்ப்பு இயக்கம் வருமா?

வராது என்றே நினைக்கிறேன். 2009இல் டீ பார்ட்டிக்காரர்கள் தெருவில் இறங்கியது, நெருக்கடியில் சிக்கிய வங்கிகளுக்கும் வீட்டுக்கடன் வாங்கித் தவித்தவர்களுக்கும் அரசு பணம் அள்ளிக் கொடுப்பதை எதிர்த்து. செலவைக் குறை, வரியைக் குறை, இதுதான் கோஷம். பெயர், பிரிட்டிஷ் தேயிலை வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய 1773 பாஸ்டன் தேயிலைக் கலகத்திலிருந்து வந்தது.

நம் ஊர்க் கோபம் வேறு ரகம். 2022இல் சொத்துவரி ஏறியது. வேலூர் போன்ற மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1800க்கு மேல் 100 சதவீதம் உயர்வு. மாநிலம் முழுக்க அ.தி.மு.க. ஆர்ப்பாட்டம் நடத்தியது. சரி, வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கும் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ வீட்டுக்காரர் என்ன கேட்பார்? "வரி கட்டுறோமே, கால்வாய் எங்கே, ரோடு எங்கே?" அது செலவைக் குறைக்கச் சொல்வதல்ல, கூட்டச் சொல்வது. அப்புறம், இங்கே போராட்டம் என்றால் கட்சிக்கொடிதான் முதலில் வந்து நிற்கும்.